ஸ்டூடியோ கோட்டும் சுரண்டை மாமனாரும்

கோட்டு போடுகிறவனுக்கு அதைப் போட்டுக் கழற்றினதோடு தீர்ந்தது. ஒருத்தன் கழற்றினதற்கும் இன்னொருத்தன் போடுவதற்கும் நடுவில் அதைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதுதான் எங்கள் தொழில்.

எங்கள் என்று நான் சொல்லும்போது உங்களில் சிலருக்காவது புரியும். துரை பங்களாவில் பட்லராக இருந்தவர்கள், வக்கீல் வீட்டில் கறுப்புக் கோட்டைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்தவர்கள், நாடகக் கம்பெனியில் உடுப்புப் பெட்டிக்குக் காவல் படுத்தவர்கள் எல்லாரும் நமக்கு ஒரு வகையில் சொந்தக்காரர்கள். அடுத்தவன் துணியில் ஒரு கறை விழுந்தால் நம் வயிற்றில் அல்லவா புளி கரைக்கிறது!

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷங்களில் குற்றாலத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் எனக்கு வேலை. காமிராவைத் தொட எனக்கு உரிமை கிடையாது. அது முதலாளி பாடு. பவுடர், சீப்பு, கண்ணாடி, ஒரு முக்காலி, அதற்கெல்லாம் மேலாக ஒரு வெள்ளைக்காரக் கோட்டு, இவைதான் என் பொறுப்பு. சீமைக்குத் திரும்பிப் போன எஸ்டேட் துரை ஒருவர் சாமான்களை ஏலம் விட்டபோது முதலாளி எடுத்து வந்தது அது. நல்ல கம்பளி, மழைமேக நிறம். அந்தத் துரை சாப்பாட்டில் குறை வைக்காதவர் போலிருக்கிறது. நம்ம ஊர் ஆட்கள் இரண்டு பேர் அதற்குள் புகுந்து பேசிக்கொண்டிருக்கலாம். சீசனுக்கு வருகிறவர்கள், அருவியில் குளித்துவிட்டு, அதை மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துப் போவார்கள். முதல் நாளே முதலாளி என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "ஏலே ஆறுமுகம், கோட்டு இந்த வாசலைத் தாண்டி வெளிய போச்சுன்னா, நீயும் அதோட போயிரு."

தலையணை

கோட்டை ஆணியில் தொங்கவிட்டால் காலருக்குப் பின்னால் ஒரு கொம்பு முளைத்துவிடும். கழுத்துக்குப் பின்னால் கொம்போடு உட்கார்ந்தால் யார் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்? ஆசாரியிடம் சொல்லி மரத்தில் ஒரு மாட்டி செய்து வாங்கினேன். அதுவும் சரிப்படவில்லை. துரையின் தோள் அகலத்துக்கு அந்த மரம் பத்தாமல், இரண்டு பக்கமும் கோட்டு துவண்டு தொங்கியது. கடைசியில் வீட்டிலிருந்து என் தலையணையைக் கொண்டுவந்து, இலவம்பஞ்சைப் பிரித்து, மரத்தின் இரண்டு முனையிலும் துணி சுற்றித் தைத்தேன். அதன் மேல் மாட்டினால் துரையே உள்ளே நிற்கிற மாதிரி நின்றது. எனக்கு ஒரே பெருமை.

அதை வீட்டில் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். என் பெண்டாட்டி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். குரல்கூட உயர்த்தவில்லை. "கோட்டு தலகாணி வச்சுத் தூங்குது, நீங்க கையை மடக்கி வச்சுத் தூங்குதிய. ரெண்டுல யாருக்கு நான் வாக்கப்பட்டேன்னு சொல்லிட்டா நல்லாருக்கும்."

எண்ணெய்த் தலை

குற்றாலத்துக்கு வருகிறவன் எண்ணெய் தேய்க்காமல் அருவிக்குள் போகமாட்டான். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெயில் ஊறிவிட்டு, அருவியில் நின்றதும் எல்லாம் போய்விட்டதாக நினைத்துக்கொள்வான். எங்கே போகும்? நேரே எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்து என் கோட்டுக் காலரில் இறங்கும். துண்டைக் கழுத்தைச் சுற்றிக் கொடுப்பேன், போட்டோவில் தெரிகிறது என்று எடுத்துப் போட்டுவிடுவான். கம்பளியைத் தண்ணீரில் அலசவும் முடியாது, அலசினால் துரை கோட்டு சிறுபிள்ளை கோட்டு ஆகிவிடும். தவிட்டை வாணலியில் சூடாக வறுத்து, காலரில் கொட்டி, துணியால் அழுத்தி அழுத்தி எடுப்பேன். தவிடு எண்ணெயைக் குடித்துவிடும். பிறகு குதிரைமுடி பிரஷ்ஷால் ஒரே போக்கில் தட்டிவிட வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால் கம்பளி சிலிர்த்துக்கொள்ளும்.

கடையநல்லூரிலிருந்து ஒரு ஜவுளி வியாபாரி வந்தார். நல்ல மனுஷர், துணி தெரிந்தவர். அவராவது இரக்கப்படுவார் என்று நினைத்து, தலையைக் கொஞ்சம் துவட்டிக்கொண்டு வரச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் கண்ணாடியைப் பார்த்தார், சீப்பை எடுத்தார், தலையை இன்னும் படிய வாரினார். "துவட்டினா முடி பறட்டையா நிக்கும் தம்பி. போட்டோ நூறு வருசம் இருக்கும், உங்க கோட்டை நாளைக்குத் தொடச்சுக்கிடலாம்."

சாம்பிராணி

குற்றாலத்துச் சாரல் மழை, சீசனுக்கு வந்தவர்களுக்குச் சொர்க்கம். எனக்கு அது சனி. ஆனி பிறந்துவிட்டால் சூரியனைப் பார்க்கிறது பெரிய மனுஷரைப் பார்க்கிற மாதிரி, எப்போதாவதுதான் தரிசனம். கோட்டு ஒரு தடவை ஈரம் குடித்ததென்றால் அக்குளில் வெள்ளை வெள்ளையாகப் பூசனம் பூத்துவிடும். பாச்சை உருண்டை போட்டுப் பார்த்தேன், வசம்பு முடிந்து பையில் போட்டுப் பார்த்தேன். அதெல்லாம் பூச்சிக்குத்தான் சரி, பூசனம் பயப்படவில்லை. கடைசியில், பிள்ளை பெற்ற வீடுகளில் தலை உலர்த்தக் கவிழ்த்து வைப்பார்களே, சாம்பிராணிக் கூடை, அதை ஒன்று வாங்கி வந்தேன். நெருப்புக் கங்கு கொஞ்சம் அடியில் வைத்து, ஒரு சிட்டிகை சாம்பிராணி தூவி, கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் கோட்டைப் போர்த்திவிட்டால் மெதுவாக உலர்ந்துவிடும். சூடு கூடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

வடகரையிலிருந்து தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வந்து கோட்டைப் போட்டார். போட்டவர் சட்டென்று செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். முதலாளி கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து "அசையாதீங்க" என்றதும், மனுஷர் இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடிவிட்டார். படம் பிடிக்கிற கண்ணாடித் தட்டு மூன்று வீணானது. நான் கையைப் பிடித்து இறக்கி இறக்கி விட்டேன், அது ஏறி ஏறி வந்தது. "எனக்கென்னப்பா தெரியும்? மூக்குல அந்த வாசம் ஏறுனா கை தானா மேல போயிருது."

முதுகில் வரப்பு

துரை கோட்டு நம்ம ஆட்களுக்கு எப்படிப் பொருந்தியது என்று நீங்கள் கேட்க வேண்டும். பொருந்தவில்லை. பொருத்தினோம். ஆளைக் காமிராவுக்கு எதிரே நிறுத்தி, முதுகுப் பக்கம் மிச்சத் துணியைக் கூட்டிப் பிடித்து, மேலிருந்து கீழ் வரை ஊக்கு ஊக்காகக் குத்திவிடுவேன். முன்னால் பார்த்தால் சீமையில் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். பின்னால் பார்த்தால் முதுகில் ஒரு வரப்பு ஓடும். ஒவ்வொரு தடவையும் குத்தக் குத்த, முதுகுத் துணி பூராவும் ஓட்டை. என் கோட்டை நானே குத்துகிறேனே என்று எனக்கு ஆறவே ஆறாது.

அப்படிப் பொருத்தினவர்களில் ஒருவன்தான் செல்லையா. தென்காசியில் அரிசி மண்டியில் தராசு பிடிக்கிறவன். நல்ல உழைப்பாளி, ஒல்லிக்குச்சி, நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் வேர்த்துவிடும். சுரண்டையில் பெண் பார்த்திருந்தார்கள், பெண் வீட்டார் போட்டோ கேட்டிருந்தார்கள். மற்றவர்களைவிட அவனுக்கு ஊக்கு அதிகம் செலவானது. ஆனால் படம் வந்தது பாருங்கள், கலெக்டர் ஆபீஸில் உட்கார வைக்கலாம். முதுகில் இவ்வளவு அலங்கோலமாக இருக்கிறதே என்று நான் முதலாளியிடம் முனகினதற்கு, அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடியே சொன்னார்: "பொண்ணு வீட்டுக்காரன் படத்தைத் திருப்பிப் பாத்தா அட்டைதான்லே தெரியும்."

வாசலைத் தாண்டினது

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு தரகர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மாப்பிள்ளை தென்காசியில் வேலை பார்க்கிறார் என்று சொல்லிவிட்டு, படத்தை எடுத்து முன்னால் வைத்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார். மீதியைக் கோட்டு பேசிக்கொண்டது. கல்யாணமும் நடந்தது. பெண் பெயர் பேச்சியம்மாள். வீட்டுக்கு வந்த புதிதில், தகப்பனார் கேட்கச் சொன்னதாக, அவள் கோட்டு எங்கே என்று கேட்டிருக்கிறாள். சாரல் காலத்தில் வீட்டில் வைத்தால் பூசனம் பிடித்துவிடும், அதனால் ஆபீஸிலேயே வைத்திருக்கிறேன் என்று இவன் சொல்லியிருக்கிறான். மண்டியை ஆபீஸ் என்று சொன்ன முதல் ஆள் செல்லையாதான். அவள் சரி என்றுவிட்டாள், பிறகு கேட்கவில்லை.

மாமனார் அப்படிப்பட்டவர் இல்லை. சுரண்டையில் நஞ்சை வைத்துப் பயிர் செய்கிற மனுஷர். மாப்பிள்ளை படத்துக்குக் கண்ணாடி போட்டு, வாசலில் நுழைந்ததும் தெரிகிற இடத்தில் மாட்டி, தெருவில் போகிறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியவர். கல்யாணம் முடிந்து வந்த முதல் சீசனில் மகளைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். வந்து, மாப்பிள்ளையைக் கோட்டோடு குற்றாலம் பஜாரில் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டுமாம். செல்லையா அவர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் நனைந்துகொண்டே ஸ்டூடியோவுக்கு வந்தான். முதலாளி காமிராத் தட்டு வாங்கத் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். நான் முடியாது என்றேன். சாரலில் கோட்டு நாசமாகும் என்றேன், என் வேலை போகும் என்றேன். அவன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே சொன்னான். "மாமா கோவக்காரக அண்ணாச்சி. தராசு புடிக்கவன்னு தெரிஞ்சா அடுத்த பஸ்ல பேச்சியைக் கூட்டிட்டுப் போயிருவாக. அவ போயிட்டா அந்த வீட்டுல நான் யாருகூட இருக்க?"

முதுகு காட்டாத மாப்பிள்ளை

கோட்டைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் நானும் போனேன். கோட்டை வேஷ்டியில் சுற்றி, அதற்கு மேல் ஓலைப்பாயைச் சுற்றி, குதிரைவண்டியில் மடியில் வைத்துக்கொண்டு தென்காசி போய்ச் சேர்ந்தேன். ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவர் என்று செல்லையா என்னை வீட்டில் சொல்லியிருந்தான். பின்கட்டில் வைத்து அவனுக்குக் கோட்டை மாட்டி ஊக்கைக் குத்தினேன். படத்தில் இருந்த மாதிரியே இருக்க வேண்டுமே! முதுகில் வரப்பு எழும்பியது. பேச்சியம்மாள் அடுப்படியில் இருந்தாள். சின்ன உருவம், அதிகம் பேசாத பெண். எனக்கு ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே போய்விட்டாள்.

மாமனார் வந்து உட்கார்ந்தார். இவன் முன்னால் போய் நின்று கும்பிட்டான். அது சரி, கும்பிட்ட பிறகு திரும்பி நடக்க வேண்டாமா? நடந்தால் வரப்பு தெரியும். பயல் கும்பிட்ட கை கும்பிட்டபடி, பின்னாலேயே நடந்து போய்க் கதவு நிலையில் இடித்துக்கொண்டு உள்ளே மறைந்தான். வெற்றிலைத் தட்டோடு முன்னால் வந்தான், பின்னால் போனான். தண்ணீர்ச் செம்போடு முன்னால் வந்தான், பின்னால் போனான். மாமனார் ஒவ்வொரு தடவையும் அவன் போகிறதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். கடைசியில் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "சாமி சன்னதியிலதான் முதுகு காட்டாம வருவோம். இம்புட்டுப் படிச்சிட்டு எனக்கு இந்த மரியாதை குடுக்காகளே, நான் என்ன புண்ணியம் செஞ்சேன்."

குடை

எல்லாருமாகக் குற்றாலத்துக்கு வந்து இறங்கினோம். பஜாரில் அந்த மரியாதை செல்லுபடியாகாது. தெருவெல்லாம் பின்னாலேயே நடக்க முடியுமா? சாரல் வேறு சல்லடையில் சலித்த மாதிரி விழுந்துகொண்டிருந்தது. வழி ஒன்றுதான். செல்லையாவும் மாமனாரும் முன்னால் நடக்க, நான் ஒரு பெரிய குடையை விரித்து, மழையை மறைக்கிற சாக்கில் அவன் முதுகை மறைத்துக்கொண்டு ஒட்டினாற்போல் நடந்தேன். மழை முன்னாலிருந்து அடித்தது. நான் குடையைப் பின்னால் பிடித்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! என் பாதி உடம்பு நனைந்து சொட்டியது, கோட்டின் பின்பக்கம் மட்டும் ஒரு துளி படவில்லை. கோட்டின் முன்பக்கத்தை நினைத்து எனக்கு உள்ளுக்குள் அழுகையாக வந்தது. பேச்சியம்மாள் பூக்கூடையும் துண்டுமாக எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

பழக்கடைக்காரர், வளையல் கடைக்காரர், தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் மாமனார் நின்று மாப்பிள்ளையைக் காட்டினார். நிற்கிற இடத்திலெல்லாம் நான் குடையோடு நின்றேன். மங்குஸ்தான் பழம் விற்கிற வெளியூர்க்காரர் ஒருவர், என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் பதில் சொல்லிவிட்டார். "அதுவா, மாப்ளைக்குக் குடை புடிக்க ஆளு. எங்க ஊருப் பண்ணையாருக்கே தனியா குடைக்கு ஆளு கெடையாது, பாத்துக்கிடுங்க."

அருவிக்கரை

இத்தோடு தப்பித்தோம் என்று நினைத்த நேரத்தில், பெரிய அருவிப் பக்கம் திரும்பினதும் மாமனாருக்கு ஆசை வந்துவிட்டது. வந்தது வந்தோம், தலையைக் கொடுத்துவிட்டுப் போவோம் என்றார். எண்ணெய்க்காரனைக் கூப்பிட்டு உட்கார்ந்து தேய்த்தும்கொண்டார். எழுந்து வந்து, மாப்பிள்ளையும் குளிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். குளிப்பதென்றால் கோட்டைக் கழற்ற வேண்டும். கழற்றினால் முதுகு வெளியே வரும், ஊக்கு வெளியே வரும், எல்லாமே வெளியே வரும். செல்லையா என்னைப் பார்த்தான். முகத்தில் ரத்தம் இல்லை. ஜலதோஷம் என்று அவன் சொல்லிப் பார்த்தான், குற்றாலத் தண்ணீருக்கு ஜலதோஷமே ஓடிவிடும் என்று அவர் சொல்லிவிட்டார். சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினார். மாப்பிள்ளை குளித்து வரும் வரைக்கும் கோட்டை நானே வைத்துக்கொள்கிறேன் என்றார். காலையிலிருந்தே அவருக்கு அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இருந்திருக்கிறது, அது அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்குத் தெரிந்தது. தீர்ந்தது கதை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்போதுதான் பேச்சியம்மாள் எங்கள் நடுவில் வந்தாள். "அய்யா, உங்க கையெல்லாம் எண்ணெய். கம்பளியில பட்டா போகாது" என்று தகப்பனாரை நிறுத்தினாள். புருஷனுக்குப் பின்னால் போய் நின்று, தோளோடு கோட்டைப் பிடித்து, கழற்றுகிறபோதே உள்பக்கத்தை வெளியே திருப்பி, முதுகை உள்ளுக்குள் வைத்து மடித்து, அவன் சட்டைக் கையை இழுத்துக்கொள்வதற்குள் தோளில் போட்டுக்கொண்டாள். ஒரு ஊக்கு வெளியே தெரியவில்லை. செல்லையா தண்ணீருக்குள் ஓடியே போனான். அவள் என்னை ஒரே ஒரு தடவை நேராகப் பார்த்தாள், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தகப்பனாரிடம் துண்டைக் கொடுத்துக் கையை நன்றாகத் துடைக்கச் சொன்னாள். துடைத்த பிறகு, மடிப்பிலிருந்து கோட்டின் முன்மடியை மட்டும் கொஞ்சம் உருவி அவர் பக்கம் நீட்டினாள். அந்தப் பெரியவர் உள்ளங்கையால் தொடப் பயந்து, புறங்கையால் தடவிப் பார்த்தார். "எம் மக இதத் தெனமும் தொடுதா. எனக்கு அது போதும்."

ஊக்குத் துணி

அன்றைக்குக் கோட்டை என்னால் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. அருவித் தூவானத்தில் நனைந்துவிட்டது, உலர்த்திக் கொடுக்கிறேன், காலையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று பேச்சியம்மாள் சொல்லிவிட்டாள். மாமனார் முன்னால் நான் என்ன வாதாட? விடிந்ததும் விடியாததுமாக அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். முதலாளி மத்தியான வண்டியில் வந்துவிடுவார். மாமனார் சுரண்டை பஸ் ஏறிவிட்டார், செல்லையா மண்டிக்குப் போய்விட்டான். அவள் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் கொடுத்ததைவிட நன்றாக உலர்ந்திருந்தது. திருப்பி முதுகைப் பார்த்தேன், ஓட்டைகளைக் காணோம். உள்தையலிலிருந்தே நூலை உருவி, அதே நிறத்தில் ஒவ்வொரு ஓட்டையையும் இழைத்து மூடியிருந்தாள். ஊக்குகளையெல்லாம் ஒரு துண்டுத் துணியில் வரிசையாகக் குத்தி என் கையில் கொடுத்தாள். எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கோட்டு இரவல் என்று எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். படம் சுரண்டைக்கு வந்த அன்றைக்கே தெரியுமாம். வீட்டில் எல்லாரும் கோட்டைப் பார்த்தார்களாம், பொத்தானைப் பார்த்தார்களாம், கழுத்தில் கட்டியிருந்ததைப் பார்த்தார்களாம். எல்லாரும் பார்த்துவிட்டுப் போன பிறகு இவள் தனியாக எடுத்து முகத்தைப் பார்த்திருக்கிறாள். மூச்சு விட்டால் ஊக்கு தெறித்துவிடும் என்று அன்றைக்கு நான்தான் செல்லையாவிடம் சொல்லியிருந்தேன், அந்தப் பயம் அப்படியே படத்தில் விழுந்திருக்கிறது. அப்படியென்றால் இதைப் புருஷனிடம் சொல்லிவிடேன் அம்மா, பாவம், அவன் நிம்மதியாக இருப்பானே என்றேன். அவள் தலையை ஆட்டினாள். எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் அவர் கூசிப் போவார், நீங்களும் சொல்லிவிடாதீர்கள் என்றாள். அப்புறம் கதவைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "சொந்தக் கோட்டு போட்டவுக இப்பிடி மூச்சப் புடிச்சுக்கிட்டு நிப்பாகளா அண்ணாச்சி? யாருன்னே தெரியாத ஒரு பொண்ணுக்காவ இந்தப் பாடு படுதாகளே, இவுக போதும்னு நாந்தான் அய்யாட்டச் சொன்னேன்."

மாமனாருக்குத் தெரியாமல் மாப்பிள்ளையும், மாப்பிள்ளைக்குத் தெரியாமல் பெண்டாட்டியும், முதலாளிக்குத் தெரியாமல் நானுமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் காப்பாற்றியதாலோ என்னவோ, அதற்கப்புறம் எத்தனை சாரல் அடித்தும் அந்தக் கோட்டில் பூசனம் பிடிக்கவே இல்லை.